கட்டாரா, இஸ்ரேலா, கொரியாவா, ஊரா? வல்லரசுகள் மோதும் காலத்தில் வெளிநாட்டு வேலையைத் தேர்வது எப்படி

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளைப் பக்கமிருந்து வரும் கேள்விகள் இப்போதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. "மகளுக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. அங்கேயும் ஏவுகணை வந்ததாமே, அனுப்பலாமா?" "தம்பி இஸ்ரேலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். சம்பளம் நல்ல சம்பளம், ஆனால் அம்மா சோறு தண்ணீர் இறங்காமல் இருக்கிறார்." "கொரியா பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பதா, குவைத்துக்கு இப்போதே பறப்பதா?"

கேட்பவர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்: அந்த நாட்டில் சண்டை இருக்கிறதா, இல்லையா? அது போதாது. 2025 ஜூன் 22 அன்று அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசியது. மறுநாள் இரவு ஈரான் பதிலடி கொடுத்தது கட்டாரில். கட்டாருக்கும் ஈரானுக்கும் சண்டை எதுவும் இல்லை. தோஹாவுக்குத் தென்மேற்கே உள்ள அல் உதெய்த் விமானத் தளத்தில் அமெரிக்கப் படை இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். ஏவுகணைகளில் பெரும்பாலானவை வானிலேயே வீழ்த்தப்பட்டன, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டார் மட்டுமன்றிக் குவைத், பஹ்ரைன், அமீரகம் ஆகியவற்றின் வான்வெளியும் அன்றிரவு சில மணி நேரம் மூடப்பட்டது. "சண்டை இல்லாத நாடு" என்று நம்பிப் போனவர்களுக்கும் அன்றிரவு ஊர் திரும்ப வழி இல்லை.

## எதை வைத்து அளப்பது

சம்பளத்தை வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதை எப்படியும் எல்லோரும் பார்ப்பார்கள்.

முதலாவது, அந்த மண்ணை யார், எதற்காக அடிப்பார்கள்? வல்லரசின் தளம் இருப்பதால் அடிபடும் நாடு வேறு, தானே போரிடும் நாடு வேறு, யாருடைய பாதுகாப்பும் இல்லாமல் மற்றவர்களின் சண்டைக்குக் களமாகும் நாடு வேறு. முதல் வகையில் அடி பெரும்பாலும் குறுகியது, குறிவைத்தது. மூன்றாவது வகையில் அது மாதக்கணக்கில் நீளும், எங்கே விழும் என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது, கடவுச்சீட்டு யார் கையில்? எஜமானை விட்டு விலக உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

மூன்றாவது, திரும்பும் வழி. விமானம் நின்றால் தரைவழி உண்டா, அழைத்துவர யார் வருவார்கள்? இலங்கையிடம் பெரும் எண்ணிக்கையில் மக்களை மீட்டுவரும் கப்பற்படையோ விமானப்படையோ இல்லை. 2015 இல் யேமனில் சண்டை மூண்டபோது நம்மவர்களில் சிலர் இந்தியாவின் உதவியோடும் சிலர் சீனக் கடற்படைக் கப்பலிலும் வெளியேறினார்கள். 2025 ஜூனில் ஈரானிலிருந்து தன் மக்களை ஏற்றிய இந்தியா, கொழும்பு கேட்டுக்கொண்டதால் இலங்கையரையும் சேர்த்துக்கொண்டது. வல்லரசுகளின் போட்டி சில நேரம் நமக்கு இப்படியும் உதவுகிறது. ஆனால் அது அவர்கள் தரும்போது கிடைப்பது. கேட்டு வாங்கும் உரிமை அல்ல.

நான்காவது, மூன்றாம் மாதமே திரும்ப நேர்ந்தால் வீட்டில் எவ்வளவு கடன் நிற்கும்? என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. ஏவுகணைக்குப் பயந்து வர நினைப்பவளைத் தடுப்பது பெரும்பாலும் அடகுக்கடைச் சீட்டுதான்.

## வளைகுடா: கட்டார், குவைத், சவூதி, அமீரகம்

1990 ஓகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே இலங்கையர் பெருந்தொகையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவர்களில் பலர் வீட்டுப் பணிப்பெண்கள். முதலாளி குடும்பங்கள் காரேறித் தப்பியபின், கையில் தாளோ காசோ இல்லாமல் ஈராக் வழியாக ஜோர்தான் பாலைவன முகாம்களுக்கு நடந்தும் லொறி ஏறியும் போனவர்கள் உண்டு. அந்தப் போருக்குப் பிறகுதான் வளைகுடா அரசுகள் அமெரிக்கப் பாதுகாப்பை நிரந்தரமாக்கிக்கொண்டன. குவைத்தில் ஆரிஃப்ஜான் முகாம், பஹ்ரைனில் ஐந்தாம் கடற்படைத் தலைமையகம், கட்டாரில் அல் உதெய்த், அமீரகத்தில் அல் தஃப்ரா. இவை இருப்பதால் இன்னொரு நாடு படையெடுத்து வரும் ஆபத்து குறைந்தது. இவை இருப்பதாலேயே, அமெரிக்கா வேறெங்கோ அடித்தால் இங்கே எதிரடி விழும் ஆபத்து கூடியது.

அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். 2019 செப்டெம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையம். 2022 ஜனவரி 17 அன்று அபுதாபியில் எரிபொருள் களஞ்சியம். அதில் இறந்த மூவரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். 2025 ஜூனில் விமானத் தளம். அதே ஆண்டு செப்டெம்பரில் மட்டும் வழக்கம் மாறியது: தோஹா நகருக்குள் ஹமாஸ் தலைவர்கள் இருந்த கட்டடத்தை இஸ்ரேல் தாக்கியது. ஆகவே "கட்டார் ஆபத்தா?" என்று கேட்பதைவிட "கட்டாரில் என்ன வேலை?" என்று கேட்பது பயன் தரும். துறைமுகம், எண்ணெய், தளங்களுக்கான பராமரிப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஒரு கணக்கு. வீட்டு வேலை, கடை, ஹோட்டல் என்றால் வேறு கணக்கு.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆபத்து வானத்தைவிட அந்த வீட்டின் மேசை இழுப்பறையில்தான் அதிகம். அவளுடைய கடவுச்சீட்டு அங்கேதான் கிடக்கும். குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம் அப்படி எடுத்து வைப்பதைத் தடை செய்கிறது. சட்டம் ஓர் இடத்தில், சாவி இன்னோர் இடத்தில். கட்டார் 2020 இல் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாற வழி செய்தது. 2021 முதல் வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்து மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம். சவூதியில் 2021 இல் வந்த சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. இந்த நான்கில் ஒன்றைத் தேர்வதென்றால், தாள்களைப் பொறுத்தவரை நான் கட்டாரைத்தான் சொல்வேன், ஏவுகணை வந்த நாடாக இருந்தும்.

மறைந்த செலவு முற்பணம். நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் உப முகவரின் அறை. மேசையில் ஒரு கட்டுக் கடவுச்சீட்டுகள், ரப்பர் வளையம் போட்டபடி. ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், தமிழில் ஒரு வரி இராது. "அம்மா, முதலில் இந்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நோட்டுக் கட்டொன்றை அந்தப் பெண்ணின் கணவர் பக்கம் நகர்த்துவார். கூரைத் தகரமும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் அந்தக் கட்டில் தீர்ந்துவிடும். இடையில் திரும்பினால் அதைத் திருப்பிக் கட்டு என்று வந்து நிற்பார்கள். சைரன் ஊதும் இரவில் அவள் "வருகிறேன்" என்று போன் எடுத்தால் வீட்டார் "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்பதற்குக் காரணம் கல் நெஞ்சு அல்ல.

வளைகுடா யாருக்குப் பொருந்தும்? முற்பணம் வாங்காமல் போகக்கூடியவர்களுக்கு. ஏற்கனவே அந்த ஊரில் அக்காவோ சித்தியோ இருப்பவர்களுக்கு. வீட்டு வேலைக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயரில் விசா கிடைத்தவர்களுக்கு.

## இஸ்ரேல்

2023 ஒக்டோபர் 7க்குப் பிறகு இரண்டு விடயங்கள் நடந்தன. பலஸ்தீனத் தொழிலாளர்களின் வேலை அனுமதிகளை இஸ்ரேல் நிறுத்தியது. விவசாயத்தில் பெரும்பங்கு வேலை பார்த்த தாய்லாந்துக்காரர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். அன்றைய தாக்குதலில் தாய்லாந்துக்காரர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். இலங்கையரிலும் இருவர் உயிரிழந்தார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பவே நவம்பரில் இலங்கையோடு 10,000 விவசாயத் தொழிலாளருக்கான உடன்பாடு வந்தது.

சம்பளத்தில் இதற்கு ஈடு இந்தப் பட்டியலில் கொரியா மட்டுமே. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் வெளிநாட்டவருக்கும் உண்டு. 2025 ஏப்ரலில் அது மாதம் 6,247 ஷெக்கலைத் தாண்டியது. தங்குமிடம், காப்புறுதி என்று கழிவுகள் போகும். ஆட்சேர்ப்பு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக நடப்பதால், விவசாய வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டு எழுந்து வந்துவிடலாம். கடன் என்ற அளவுகோலில் இது வளைகுடாவைவிட மேல்.

ஆனால் தோட்டங்கள் எங்கே இருக்கின்றன? காஸா எல்லையிலும் லெபனான் எல்லையிலும் நிறைய. 2024 மார்ச்சில் வடக்கே மார்கலியோட்டில் கேரளத்துக்காரர் ஒருவர் ஏவுகணையில் இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மெத்துலாவின் பழத்தோட்டத்தில் நான்கு தாய்லாந்துத் தொழிலாளர்கள். காஸாவை அண்டிய ஊர்களில் சைரன் ஊதினால் பதுங்குவதற்குக் கிடைப்பது 15 விநாடி. திறந்த வயலில் தக்காளிக் கூடையோடு நிற்பவருக்கு 15 விநாடியில் எங்கே போக முடியும்? நகரத்தில் முதியோர் பராமரிப்பு வேலை என்றால் எச்சரிக்கை நேரம் கூடுதல். ஆனால் நடக்க முடியாத ஒருவரைப் படியிறக்கிப் பாதுகாப்பறைக்குக் கொண்டுபோகும் பொறுப்பும் உங்களுடையதே.

இங்கே சண்டை ஓர் இரவில் முடிவதில்லை. பின்னால் அமெரிக்கா நிற்பதால் நாடு விழாது, அதனாலேயே போர் நீளும். 2025 ஜூனில் ஈரானுடன் நடந்த பன்னிரண்டு நாள் போரில் விமான நிலையம் மூடப்பட்டது; வெளியேறியவர்களில் பலர் ஜோர்தான், எகிப்து எல்லைகள் வழியாகத்தான் போனார்கள். தரைவழி இருப்பது இஸ்ரேலுக்குச் சாதகமான ஒன்று, எல்லை கடக்க உங்கள் கடவுச்சீட்டு உங்களிடம் இருந்தால். துறை மாறி வேலை செய்தால் விசா போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். தோட்டம் பயமாக இருக்கிறது என்று நகரத்துப் பேக்கரிக்கு ஓடினால், மறுநாள் முதல் நீங்கள் சட்டவிரோதி.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியவில்லை. வேறொருவர் வாசல் அடைக்கப்பட்டதால் திறந்த வேலை இது. கண்டியச் சிங்களவர் அந்தக் கூலிக்கு வர மறுத்த தோட்ட வேலைக்குத்தான் நம் பாட்டன் பூட்டன்களும் கப்பலேற்றப்பட்டார்கள். எனக்கு இது உறுத்துகிறது. போவதும் போகாததும் அவரவர் வயிற்றையும் மனச்சாட்சியையும் பொறுத்தது.

திருமணமாகாத, கடன் சுமை பெரிதாக உள்ள, எங்கே வேலை என்ற இடத்தைப் போகுமுன் எழுத்தில் வாங்கக்கூடிய இளைஞருக்கு இஸ்ரேல் பொருந்தலாம். எல்லையிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்ற பதில் கிடைக்காவிட்டால் வேண்டாம்.

## லெபனான், ஜோர்தான்

லெபனானுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். 2006 ஜூலையில் போர் வெடித்தபோது சுமார் 80,000 இலங்கையர் அங்கே இருந்ததாகக் கணிக்கப்பட்டது. பணிப்பெண்ணை வீட்டில் பூட்டிவிட்டு மலைக்கு ஓடிய எஜமானர்கள் இருந்தார்கள். அந்தப் போர் 34 நாள். 2024 இலும் அதே கதை, வீதியில் விடப்பட்ட வெளிநாட்டுப் பெண்கள். இடையில் 2019 முதல் அந்நாட்டு நாணயமே சரிந்துவிட்டது. தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளரைத் தொடுவதில்லை. அமெரிக்கா, ஈரான், இஸ்ரேல், சிரியா என்று எல்லோரும் இழுத்துப் பார்த்த கயிறு அது.

ஜோர்தானின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நம்மவர்கள் போவதுண்டு. ஏவுகணைகள் அதன் வானத்தைக் கடந்து போகின்றன, சில நேரம் துண்டுகள் விழுகின்றன. நாடு பெரும்பாலும் களமாவதில்லை. தொழிற்சாலை விடுதியில் நூறு பேரோடு இருப்பது, ஒரு வீட்டுக்குள் தனியாக இருப்பதைவிடப் போர்க்காலத்தில் எவ்வளவோ மேல். சம்பளம்தான் சுமார்.

## தென்கொரியா

கொரியப் போர் 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தத்தோடு நின்றது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. தெற்கில் 28,500 அளவில் அமெரிக்கப் படையினர், வடக்குக்குப் பின்னால் சீனாவும் இப்போது ரஷ்யாவும். தலைநகர் சியோல் எல்லையிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவுதான். காகிதத்தில் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே பயங்கரமான இடம் இது. ஆனால் இரு பக்கமும் அணுகுண்டு நிழலில் நிற்பதால் எழுபது ஆண்டுகளாக யாரும் பெரிய அடி எடுத்து வைக்கவில்லை. மூண்டால் பேரழிவு, மூளும் வாய்ப்பு மிகக் குறைவு. நான் இந்தப் பந்தயத்தைக் கட்டுவேன்.

மற்ற அளவுகோல்கள் எல்லாம் கொரியா பக்கம் சாய்கின்றன. அரசுக்கு அரசு முறை, முகவர் இல்லை, ஒப்பந்தம் நான்கு ஆண்டு பத்து மாதம் வரை, மணிக்குக் குறைந்தபட்சம் 10,030 வொன் (2025). மறைந்த செலவு காலம். வயது 18 முதல் 39 வரை, கொரிய மொழிப் பரீட்சை, பிறகு காத்திருப்பு. தமிழ் வழியில் சொல்லித்தரும் வகுப்பு மலையகத்தில் கிடைப்பது அரிது. சிங்களம் வழியாகக் கொரியன் படிக்கும் நம் பிள்ளைகள் இரட்டைச் சுமை தூக்குகிறார்கள். பெண்களுக்கு வாய்ப்பும் குறைவு. சாதாரண தரம் முடித்த, வீட்டில் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கக்கூடிய பையனுக்கு, என் வரிசையில் இதுவே முதலிடம்.

## ரஷ்யா

இதை ஒரு தெரிவாகவே நான் எண்ணவில்லை. "சமையல் வேலை, காவல் வேலை, குடியுரிமை" என்று சொல்லி அழைத்துப் போய் உக்ரேன் போர்முனையில் நிறுத்தினார்கள். 554 இலங்கையர் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாகவும் 59 பேர் இறந்துவிட்டதாகவும் 2025 தொடக்கத்தில் அரசாங்கமே நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் முன்னாள் படையினர். சுற்றுலா விசாவில் போய் வேலை என்று யாராவது சொன்னால், எந்த நாடானாலும், கதவைச் சாத்துங்கள்.

## ஊரிலேயே இருப்பது

போகாமல் இருந்தால் வல்லரசுகள் நம்மைத் தொடாது என்று நினைப்பதும் தவறு. 1962 இல் சீனாவிடம் அடிபட்ட டில்லி, அண்டை நாடுகளோடு பிணக்கு வேண்டாம் என்றிருந்த காலத்தில்தான், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரான நம்மில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தது. இன்று அது தேயிலை வழியாக வருகிறது. ஈராக், ரஷ்யா, ஈரான், துருக்கி, அமீரகம் எல்லாம் நம் பெரிய வாடிக்கையாளர்கள். ஈரானுக்குத் தர வேண்டிய சுமார் 250 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தடைகளால் டொலரில் கட்ட முடியாமல், தேயிலையாகக் கட்டுவதற்கு 2021 இல் உடன்பாடு செய்தோம். 2017 டிசம்பரில் ஒரு வண்டைக் காரணம் காட்டி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நாம் கொண்டுவர இருந்த அஸ்பெஸ்டஸ் தடையைப் பின்போட்டதும் வழி திறந்தது. 2022 இல் உக்ரேன் போரும் ரூபாய் வீழ்ச்சியும் சேர்ந்து கோதுமை மாவின் விலையை இரண்டு மடங்குக்கும் மேலே ஏற்றியபோது, ரொட்டியை நம்பிய லயத்து அடுப்புகள்தான் முதலில் உணர்ந்தன.

நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது, பிறகும் கூட்டினார்கள். அது போதாது என்று யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கைக்குழந்தை உள்ள தாய், கடன் அடைப்பதற்கே கடன் வாங்கிப் போக வேண்டியவர், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல ஆள் இல்லாதவர் ஆகியோருக்கு இந்த வருடம் ஊர்தான் லாபம்.

| | அடிபடும் காரணம் | தாள்கள் | திரும்பும் வழி | இடையில் வந்தால் கடன் |
|---|---|---|---|---|
| வளைகுடா | வல்லரசுத் தளம், எண்ணெய் | வீட்டு வேலையில் பலவீனம் | பெரும்பாலும் வான்வழியையே நம்ப வேண்டும் | முற்பணம் வாங்கியிருந்தால் அதிகம் |
| இஸ்ரேல் | நேரடிப் போர் | துறை மாறக் கூடாது | தரைவழி உண்டு | நடுத்தரம் |
| லெபனான் | மற்றவர்களின் களம் | மிகப் பலவீனம் | சண்டை மூண்டால் மிகக் கடினம் | அதிகம் |
| ஜோர்தான் | மேலே பறப்பவை | தொழிற்சாலையில் பரவாயில்லை | எல்லைகள் பல | நடுத்தரம் |
| கொரியா | அரிது, மூண்டால் பெரிது | உறுதி | வான், கடல் | குறைவு |

## கையெழுத்துக்கு முன்

காப்புறுதிப் பத்திரத்தில் போரை விலக்கும் வரி இருப்பது வழக்கம். உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாசிக்கச் சொல்லுங்கள். போர் மூண்டால் திரும்பும் டிக்கெட் யார் செலவு, முற்பணம் தள்ளுபடியாகுமா என்ற இரண்டையும் முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் அதுவே பதில்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். 1990 இல் குவைத்தை விட்டு ஓடியவர்களுக்கு ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணைக்குழு ஆளுக்குக் குறைந்தது 2,500 டொலர் கொடுத்தது, ஆண்டுகள் கழித்து. அங்கே இருந்ததற்கும் வெளியேறியதற்கும் சான்று காட்ட வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். அதைப் போகுமுன்பே பிரதேச செயலகத்தில் திருத்துங்கள். குண்டு விழும்போது தூதரகத்தில் நின்று விளக்க முடியாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்கட்டும். போகிறவர் அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் எண்ணையும் வீட்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கைபேசியை எஜமானி வாங்கி வைத்துவிட்டால் அதில் பதிந்த எண்கள் எதுவும் உதவாது.